கிரயப் பத்திரத்தில் ஒரு பெயர்: தென்னாப்பிரிக்கக் காண்பியக் கலையும் முத்துக்குளித்துறையும்

ஒருவரைப் பெயரால் அறிவது வேறு. ஊரால் மட்டும் அறிவது வேறு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தது இஸ்லாமியக் கல்வி மரபு. ஒரு செய்தியைச் சொன்னவர் யார், யாருடைய மகன், யாரிடம் பயின்றார், எந்த ஆண்டில் மறைந்தார் என்று ஆராய்வதற்கென்றே ‘இல்முர் ரிஜால்’ என்னும் தனிக் கலையை அது வளர்த்தெடுத்தது. செய்தியின் நம்பகத்தன்மை அதைச் சுமந்து வந்த மனிதரின் பெயரோடு பிணைந்துள்ளது என்பதே அக்கலையின் அடிப்படை. கடந்த நாற்பது ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் உருவான காண்பியக் கலையையும், அக்கலைஞர்களைப் பற்றி அங்கு வெளிவந்த நூல்களையும் இந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிட முயல்வோம்.

தொலைதூர நாடொன்றின் ஓவியமும் சிற்பமும் நமக்கெதற்கு என்னும் வினா எழலாம். ஆறுமுகநேரியின் உப்பளங்களுக்கு அருகிலிருந்து இதனை எழுதும் நமக்கு அந்நாடு அத்தனை தொலைவானதன்று. 1658ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியது. அதே ஆண்டில்தான் அக்கம்பெனியின் நன்னம்பிக்கை முனைக் குடியேற்றத்துக்கு முதற் பெருந்தொகை அடிமைகள் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். நம் கரையில் முத்தும் துணியும் வாங்கிய கம்பெனிதான் முனையில் மனிதரை விற்றது. இக்கரையிலும் அது மனிதரை வாங்கியது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் தலைவிரித்தாடியபோது, சோழமண்டலக் கரையிலிருந்து எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை அடிமைகளாக ஏற்றுமதியாயினர் என்று வரலாற்றாய்வாளர் கணக்கிடுகின்றனர். 1673 முதல் 1677 வரை, டச்சுக்காரர் ‘மதுரைக் கரை’ எனக் குறித்த நம் முத்துக்குளித்துறையிலிருந்து மட்டும் 1,839 பேர் கப்பலேற்றப்பட்டனர். சோற்றுக்காகப் பெற்றோர் பிள்ளைகளை விற்றதும் தம்மைத் தாமே விற்றுக்கொண்டதும் அக்காலத்தில் நிகழ்ந்தவையே.

இவர்களுள் பெரும்பாலோர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் சென்றனர். ஒரு பகுதியினர் நன்னம்பிக்கை முனையை அடைந்தனர். 1652 முதல் 1808 வரை அம்முனைக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்றும், அவர்களுள் கால்பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தோர் என்றும் ஆய்வுகள் கூறுகின்றன. இவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று கேப் டவுன் நகரில் வாழ்கின்றனர். அங்குள்ள முஸ்லிம் சமூகத்தின் வேர்களுள் ஒன்று இவர்களிடமிருந்து வந்ததே. அச்சமூகம் ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதிய செய்தி, அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் யாத்த காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் அண்டையில் வாழும் நமக்கு வியப்பைத் தராது, உறவுணர்வையே தரும்.

சட்டையில் எழுதிய கணக்கு

2018 டிசம்பரில் கொச்சியில் தொடங்கிய நான்காவது கொச்சி–முசிறி பியனாலே கண்காட்சியில், கேப் டவுனைச் சேர்ந்த கலைஞர் சூ வில்லியம்சன் ‘நூற்றுப் பத்தொன்பது கிரயப் பத்திரங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நிறுவற்படைப்பைக் காட்சிக்கு வைத்தார். இந்தியாவில் வாங்கிய எளிய பருத்தி ஆடைகள். ஒவ்வோர் ஆடையிலும் கறுப்பு மையால் ஒரு மனிதரின் விவரம். இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு முனையில் விற்கப்பட்டவரின் பெயர், வயது, பிறந்த இடம், விற்றவர், வாங்கியவர், விலை. எழுதப்பட்ட ஆடைகள் கேப் டவுனுக்கு அனுப்பப்பட்டன. 1666 முதல் 1679 வரை கம்பெனி கட்டிய கோட்டையின் வளாகத்தில் அவை சேற்று நீரில் தோய்த்தெடுக்கப்பட்டன. பிறகு அவை மீண்டும் கடல் கடந்து வந்து, கொச்சியில் ஆஸ்பின்வால் மாளிகையில் கொடியில் உலர்த்திய துணிகளைப்போல் தொங்கின.

இப்படைப்பின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. விற்கப்பட்டவரின் உருவத்தை வரைய கலைஞர் முயலவில்லை. அழுகையையோ சங்கிலியையோ காட்டவில்லை. பத்திரத்தில் உள்ளது மட்டுமே ஆடையில் உள்ளது. ஆயினும் தாளில் இருக்கும்போது கணக்காகத் தெரிந்தது, ஓர் ஆள் அணியும் அளவுள்ள சட்டையில் ஏறியதும் ஓர் ஆளின் இன்மையாகத் தெரிகிறது. பருத்தியைத் தேர்ந்ததும் பொருத்தமே. கம்பெனி நம் கரைகளுக்கு வந்ததன் தலையாய காரணங்களுள் ஒன்று துணி. துணி ஏற்றிய வாணிகமே அத்துணி உடுத்திய மனிதரையும் ஏற்றியது என்பதை ஆடையின் நூலே சொல்லிவிடுகிறது.

எனினும் இப்படைப்பைப் பாராட்டுவதோடு நின்றுவிடல் ஆகாது. அந்த ஆடைகளில் உள்ள பெயர்கள் எவருடைய பெயர்கள்? முனையின் அடிமைப் பதிவேடுகளில் அந்தோனி, கத்தரீனா போன்ற கிறித்தவப் பெயர்களும், கிரேக்க–ரோமானியத் தொன்மப் பெயர்களும், பிப்ரவரி, செப்டம்பர் முதலிய மாதப் பெயர்களும் பெருகிக் கிடக்கின்றன. தாயும் தந்தையும் இட்ட பெயர்கள் அல்ல இவை, உடைமையாளர் இட்டவை. பெயரை அடுத்து, தந்தை பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ‘வங்காளத்தின்’, ‘மலபாரின்’, ‘சோழமண்டலத்தின்’ என்று ஒரு கரையின் பெயர் நிற்கும். அதுவும் ஊர் அன்று. கப்பல் புறப்பட்ட திசையே. ஆக, பத்திரத்தில் உண்மையான முழுப் பெயரோடு நிற்போர் இருவர் மட்டுமே: விற்றவரும் வாங்கியவரும்.

இங்கே இன்னொரு பதிவேட்டை ஒப்புநோக்கலாம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். அவர்களுக்கும் எண் இடப்பட்டது, அவர்களும் கொடுமைக்குள்ளாயினர். ஆயினும் அப்பேரேடுகளில் தந்தை பெயரும், மாவட்டமும், ஊரும் எழுதப்பட்டன. அதனால்தான் அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்றும் தமிழகத்துச் சிற்றூர்களைத் தேடி வர முடிகிறது. பதினேழாம் நூற்றாண்டில் விற்கப்பட்டவரின் வழித்தோன்றலுக்கு அந்த வாய்ப்பில்லை. தந்தை பெயரை அழித்தல் என்பது திரும்பும் வழியை அழித்தல்.

வில்லியம்சனின் படைப்பு இவ்வழிப்பை நமக்குக் காட்டுகிறது. ஆனால் அதனைக் கேள்விக்குட்படுத்தவில்லை. உடைமையாளர் இட்ட பெயரையே அது ‘மீட்கப்பட்ட பெயர்’ ஆக நம்முன் வைக்கிறது. பத்திரத்தின் சொல்லுக்கு அது பணிந்துவிடுகிறது. படைப்பின் நேர்மையும் அதுவே, குறையும் அதுவே.

பெருநாள் விருந்தின் தலைப்பு

இக்குறை அவரிடம் புதிதன்று. கேப் டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதி 1966 பிப்ரவரி 11 அன்று வெள்ளையர்க்கு மட்டுமெனச் சாற்றப்பட்டது. ஏறத்தாழ 60,000 பேர் அங்கிருந்து பெயர்த்தெறியப்பட்டனர். அங்கே ‘மேன்லி வில்லா’ என்னும் இல்லத்தில் வாழ்ந்த சமூகப் போராளி நாஸ் இப்ராஹீமின் குடும்பத்தார், வீடு இடிபடுமுன் கடைசியாக ஒன்றுகூடிக் கொண்டாடிய பெருநாளை 1981இல் வில்லியம்சன் ஒளிப்படங்களாக்கினார். கறுப்பு–வெள்ளைப் படங்கள், மேசை, உணவு, குழந்தைகள், சன்னலுக்கு வெளியே வெறுமை. நிறவெறி அரசைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கங்களைவிட இந்த வீட்டின் ஒரு மேசை நம்மை அதிகம் உலுக்குகிறது.

ஆனால் அத்தொகுப்பின் தலைப்பு ‘மேன்லி வில்லாவில் இறுதி இராவுணவு’ என்பது. இறுதி இராவுணவு கிறித்தவ மரபின் படிமம். காட்டிக்கொடுக்கப்பட்டவரின் கடைசி உணவு என்னும் பொருள் இங்குப் பொருந்துவது உண்மையே. தலைப்பின் கூர்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பெருநாள் உலக அரங்கில் அறியப்பட, அது இன்னொரு மரபின் பெயரை அணிய வேண்டியிருந்தது. பெருநாள் என்னும் சொல்லே போதாதா என்று நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். படைப்பின் பெருமதிப்பை இக்கேள்வி குறைத்துவிடாது.

ஒரு கலைஞர்க்கு ஒரு நூல்

வில்லியம்சன் எழுத்தாளரும் ஆவார். 1989இல் வெளிவந்த அவருடைய ‘தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்புக் கலை’, நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே அதனை எதிர்த்த கலைஞர்களைப் பெயரும் படமும் வாக்குமூலமுமாக ஒருசேர நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டில், ஸ்டீவன் சாக் என்பார் ஜோஹானஸ்பர்க் கலைக்கூடத்தில் ‘புறக்கணிக்கப்பட்ட மரபு’ என்னும் கண்காட்சியை அமைத்து, 1930 முதல் கறுப்பினக் கலைஞர் ஆக்கிய படைப்புகளை வரலாற்றில் ஏற்றினார். அதுவரை அருங்காட்சியகங்கள் கறுப்பின மக்களின் கைவினையை ‘சுலு’, ‘வெண்டா’ என்று இனத்தின் பெயரால் மட்டுமே அடையாளமிட்டு வந்தன. செய்தவரின் பெயர் எழுதப்படாத அந்த அட்டைக்கும் முனையின் கிரயப் பத்திரத்துக்கும் இடையே ஓர் உறவுண்டு: இரண்டும் ஆளை அழித்துவிட்டு இடத்தையோ இனத்தையோ வைத்துக்கொண்டன.

விடுதலைக்குப் பின் வந்த பதிப்பு முயற்சிகளை இந்தப் பின்னணியில் வைத்துக் காண்பதே முறை. 2000களின் தொடக்கம் முதல் டேவிட் க்ரூட் பதிப்பகம் ‘டாக்ஸி’ வரிசையில் ஒரு கலைஞர்க்கு ஒரு நூல் என்னும் முறையில் சிறு நூல்களை வெளியிட்டது. சோவெட்டோவின் வாழ்வைப் படமெடுத்த சாந்து மொஃபோகெங், ஓவியர் டேவிட் கொலோனே, மண்ணிலும் மரத்திலும் சிற்பம் செய்த வெண்டாப் பெண்மணி நோரியா மபாசா ஆகியோர்க்கு அவ்வரிசையில் நூல்கள் உண்டு. பள்ளிகளுக்கான பாடத் துணையேடுகளும் உடன் வந்தன என்பது நாம் கவனிக்க வேண்டியது. நோரியா மபாசா ‘வெண்டாச் சிற்பம்’ என்னும் அட்டையின் பின்னால் மறையவில்லை. ஒரு சிறுவன் தன் பள்ளியில் அவருடைய பெயரைப் படிக்க இயன்றது. 2004இல் விடுதலையின் பத்தாம் ஆண்டையொட்டி நூறு கலைஞர்களைத் தொகுத்த நூல் வந்தது. 2011இல் 1907 முதல் 2007 வரையிலான நூற்றாண்டை ஆராயும் ‘விஷுவல் செஞ்சுரி’ நான்கு தொகுதிகளாக விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்திலிருந்து வந்தது. அதே 2011இல், துறைமுகத் தொழிலாளியாக இருந்து ஓவியரான பீட்டர் கிளார்க்கைப் பற்றி ஃபிலிப்பா ஹாப்ஸும் எலிசபெத் ராங்கினும் எழுதிய விரிவான வாழ்க்கை நூலும் வெளியாயிற்று.

இம்முயற்சிகளின் குறைகளும் வெளிப்படையானவை. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. கண்கவர் தாளில் அச்சிட்ட பெருநூல்கள், நூலின் நாயகர் வாழும் குடியிருப்பில் எவராலும் வாங்க இயலாத விலையுடையவை. ஒரு கலைஞரின் படைப்பை விற்கும் காட்சிக்கூடமே அவரைப் பற்றிய நூலையும் பதிப்பிக்கும் வழக்கம் பரவியபின், திறனாய்வுக்கும் விளம்பரத்துக்கும் இடையிலான கோடு மங்கியது. இத்தனை இருந்தும், பெயரை எழுதி வைத்தல் என்னும் முதற்கடமையை அந்நாடு ஒரு தலைமுறைக்குள் பெருமளவு செய்து முடித்தது. அதை மறுத்தல் நேர்மையாகாது.

முஸல்லாவும் ஒற்றையடிப் பாதையும்

இவ்வெழுச்சியில் முஸ்லிம் கலைஞர்களின் பங்கு குறைந்ததன்று. டர்பனில் 1945இல் பிறந்த உமர் பாட்சா, ஓவியராகத் தொடங்கித் தொழிற்சங்கப் பணியினூடே ஒளிப்படக் கலைஞரானவர். சிறுவர்களின் வாழ்வைக் காட்டி, மகளுக்கு எழுதும் மடல்போல் தலைப்பிட்டு அவர் 1979இல் வெளியிட்ட நூலை நிறவெறி அரசு தடைசெய்தது. குழந்தைகளின் முகங்களைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது. டர்பனின் கிரே வீதியையும் அங்கு வாழ்ந்த இந்திய வம்சாவளியினரையும் பல்லாண்டுகள் படமெடுத்து 2001இல் இன்னொரு நூலாக்கினார்.

கேப் டவுனின் இரட்டையர் ஹசன் ஈசப், ஹுசைன் ஈசப் இருவரும் வேறொரு வினாவை எதிர்கொண்டனர். உயிருள்ள உருவத்தைப் படைத்தல் பற்றிய மார்க்க விவாதத்தை அவர்கள் புறந்தள்ளவில்லை. அதனையே தம் கலையின் இலக்கணமாக்கினர். தம் ஒளிப்படங்களில் பிறரை நிறுத்தாமல், தம் இருவருடைய உருவங்களையே பன்மடங்காக்கி ஒரு கூட்டத்தை உருவாக்கினர். படமெடுப்பவனே படத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் அறவுணர்வு அதில் உண்டு. அது மார்க்கத் தீர்ப்பாகாது எனினும், தடை ஒன்றை வடிவமாக மாற்றிய அறிவுக்கூர்மை பாராட்டுக்குரியது.

இவ்வரிசையில் நம்மை மிகவும் நெருங்கி வருபவர் 1982இல் பிறந்த இக்‌ஷான் ஆடம்ஸ். கேப் டவுனின் போண்டெஹூவெல் குடியிருப்பில், முஸ்லிமாகவும் கிறித்தவப் பாட்டனார் பாட்டியாரின் அரவணைப்பிலும் வளர்ந்தவர். தொழுது தேய்ந்த முஸல்லாக்கள், ஏழை வீடுகளின் தரையில் விரித்துக் கால்பட்டுத் தேய்ந்த லினோலியம், மணி, கயிறு, கம்பி ஆகியவையே அவருடைய கருவிப்பொருள்கள். நிறவெறி அரசு கலப்பினத்தார்க்கென வகுத்த போண்டெஹூவெலுக்கும் கறுப்பினத்தார்க்கென வகுத்த லாங்காவுக்கும் இடையே வெட்டவெளி ஒன்று விடப்பட்டது. அதன்மீது மக்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதைகள் விழுந்தன. வானிலிருந்து எடுத்த படங்களில் தெரியும் அப்பாதைகளை ஆடம்ஸ் நெசவாக்கினார். அரசு பிரித்த இடத்தைக் கால்கள் இணைத்தன என்பதற்கு அந்நெசவே சாட்சி. 2022இல் வெனிஸ் பியனாலேயிலும் சிகாகோ கலை நிறுவனத்திலும் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

முஸல்லாவில் நெற்றி பட்டுத் தேய்ந்த இடமும், திடலில் கால் பட்டுத் தேய்ந்த தடமும் ஒன்றெனக் கண்டதில்தான் அவருடைய நுண்மை உள்ளது. பெயரில்லாத மனிதர் விட்டுச்செல்லும் கையெழுத்து தேய்மானம். வில்லியம்சன் பத்திரத்தில் தேடிக் கிடைக்காத மனிதரை ஆடம்ஸ் தேய்ந்த பாயில் காண்கிறார். ஆவணத்தின் சொல்லுக்கு அவர் பணியவில்லை. ஆவணம் பதியாததை எடுத்துக்கொண்டார். இவ்விருவருள் ஆடம்ஸின் வழியே ஆழமானது என்பது நம் முடிபு. ஆனால் அவர்க்கும் ஒரு வினா உண்டு. அவருடைய பெரும் நெசவுகள் பட்டறையில் பலர் கூடி நெய்பவை. நூலட்டையிலோ ஒரே பெயர்தான். கலைஞர்க்கு ஒரு நூல் என்னும் வடிவம், தான் தீர்க்க வந்த நோயைச் சிறிய அளவில் தானே மீண்டும் உண்டாக்குகிறது.

நம் பாய், நம் கணக்கு

பாயைப் பற்றிப் பேசியபின் தாமிரபரணிக் கரைக்குத் திரும்பாதிருக்க இயலாது. பத்தமடையில் லெப்பைக் குடும்பத்தார் ஆற்றோரக் கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற்பாவில் நெய்யும் பாய் பட்டுத்துணி போல் மடியும். திருமணத்துக்கு நெய்யும் பாயில் மணமக்களின் பெயர்களைக் கோரையிலேயே நெய்து தருவர். நெய்தவரின் பெயர் அதில் இராது. வாங்கியவரின் பெயர் உண்டு. ஊரின் பெயர் உண்டு. புவிசார் குறியீடும் உண்டு. அக்குறியீடு காப்பது ஊரின் பெயரைத்தான். நெய்த கையின் பெயரை அன்று.

கைவினைஞரின் பெயரின்மையை அடிமையின் பெயரின்மையோடு ஒன்றாக்குவது அநீதி. நெய்பவர் தம் வீட்டில், தம் மக்கள் நடுவே, தந்தை இட்ட பெயரோடு வாழ்கிறார். பணிவின் காரணமாகவே தம் பெயரை மறைப்போரும் உண்டு. ஆயினும் பணிவு செய்தவரின் அறம். அதனைச் சாக்காகக் கொண்டு எழுதாதிருப்பது எழுதுவோரின் சோம்பல். பத்தமடைப் பாய் என்று நூறு கட்டுரைகளில் எழுதும் நாம், அதை நெய்த ஒருவரைப் பற்றி ஒரு சிறு நூலேனும் எழுதியுள்ளோமா? நோரியா மபாசாவுக்குக் கிடைத்த பள்ளித் துணையேடு நம் நெசவாளப் பெண்மணி ஒருவர்க்கும் ஏன் கிடைக்கலாகாது?

இக்கேள்வி பாயோடு முடிவதன்று. காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களில் உள்ள பழைய அரபுக் கல்லறை எழுத்துகள், மறைந்தோரின் பெயரையும் தந்தையின் பெயரையும் நாளையும் பொறித்துள்ளன. அவற்றை ஆய்வாளர்கள் படித்து நூல்களாக்கியுள்ளனர். நாமும் அவற்றைப் பெருமையுடன் காட்டுகிறோம். கப்பலின் உரிமையாளரும் அறிஞரும் கல்லில் நிற்கின்றனர். முத்துக்குளிப்புப் பற்றிய அரசுக் கணக்குகளில் படகின் எண்ணிக்கையும் சிப்பியின் எண்ணிக்கையும் நிற்கின்றன. மூழ்கியவர் தொகையாக மட்டுமே நிற்கிறார். அதே கடலில் விலைபோன 1,839 பேரோ நம் கடல்வாணிக வரலாறுகளில் ஒரு வரியாகவேனும் இடம்பெறுவது அரிது. கடல் கடந்து பொருளீட்டி வந்தோரை நினைக்கும் நாம், கடல் கடந்து திரும்பாதோரை நினைப்பதில்லை. அவர்கள் எச்சமயத்தவராயினும், எச்சாதியினராயினும் இக்கரையின் மக்களே.

தென்னாப்பிரிக்கக் கலைஞர் தம் கரையில் நின்று, இறக்கப்பட்டோரின் கணக்கைத் திறந்துவிட்டனர். ஏற்றப்பட்டோரின் கணக்கு இக்கரையினுடையது; அதைத் திறக்க வேண்டியவர்கள் நாமே. டச்சு ஆவணங்களைப் படிக்கக் கற்கும் ஒரு மாணவர், பத்தமடையில் ஒரு நெசவாளரின் வாழ்வைக் கேட்டெழுதும் ஓர் ஆசிரியர், உப்பளத்தில் ஆயுளைக் கழித்த ஒருவரின் சொற்களைப் பதிவுசெய்யும் ஒரு சிற்றிதழ் ஆகியவற்றிலிருந்து இப்பணி தொடங்கலாம். பெரும்பொருளோ கண்கவர் தாளோ இதற்கு வேண்டியதில்லை. எழுதும்போது ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்: ஊரின் பெயருக்கு முன்னால் ஆளின் பெயர், ஆளின் பெயரோடு தந்தை பெயர், தாய் பெயர். ரிஜால் கலை வளர்த்த மரபினர்க்கு இது புதிய பாடம் அன்று.